அம்மா ஜனவரியில் ரியூனியன் வருகிறார், சிக்குன்குனியா தடுப்பூசி போடலாமா வேண்டாமா?

காரைக்கால் பையன்:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ரியூனியனில் (இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு) சேந்தாந்த்ரே ஊரில் இருக்கிறோம், வந்து நான்கு வருடம் ஆகிறது. மனைவிக்கு ஆறாவது மாதம் நடக்கிறது, பிப்ரவரி கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். பிரசவத்துக்குத் துணையாக இருக்க அம்மா காரைக்காலிலிருந்து ஜனவரி முதல் வாரம் வருகிறார், அப்படியே இங்கே தைப்பூசக் காவடியையும் பார்த்துவிடலாம் என்று ஆசை. வயது 71, சர்க்கரை உண்டு, பிரஷர் மாத்திரையும் போடுகிறார்.

2025 பிப்ரவரி கடைசியில் கராஞ்ச் புயல் அடித்து ஓய்ந்த பிறகு, மார்ச்சில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சிக்குன்குனியா. எனக்கும் வந்தது. காய்ச்சல் நான்கு நாளில் போய்விட்டது, ஆனால் காலையில் எழுந்தால் கட்டை விரல் மடங்காது, டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்கித்தான் காபி குடித்தேன், சட்டை பட்டன் போடுவதற்கு மனைவியைக் கூப்பிட வேண்டியிருந்தது, இது ஜூன் வரை ஓடியது. மனைவி அந்த நேரம் ஊரில் இருந்ததால் தப்பித்தாள். இப்போது மறுபடி வெயிலும் மழையும் ஆரம்பித்துவிட்டது, எனக்குப் பயமாக இருக்கிறது.

தடுப்பூசி இருக்கிறது என்றார்கள், அப்புறம் வயதானவர்களுக்கு நிறுத்திவிட்டார்கள் என்றார்கள், பிறகு ஐரோப்பாவில் திரும்ப அனுமதித்துவிட்டார்கள் என்று ஒருவர் சொல்கிறார், அமெரிக்காவில் தடை என்று இன்னொருவர் சொல்கிறார். எதை நம்புவது? அம்மாவுக்குப் போட்டுவிடலாமா? மனைவிக்கு? கொசுவிரட்டி ஸ்ப்ரே வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்காதா? அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்தில் இரண்டு பழைய டயர், ஒரு நீல டிரம், எல்லாவற்றிலும் தண்ணீர். நேற்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன், பேச்சு வார்த்தை முறியும் நிலை.

ஊசிக்காரி:
அண்ணா, நான் சேன் தெனியில் செவிலி. ஆஸ்பத்திரிப் பெயரெல்லாம் வேண்டாம். போன ஏப்ரல் முழுக்க இந்தக் காய்ச்சல்காரர்களோடுதான் இருந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட எல்லாமே உண்மைதான், அதனால்தான் குழப்பம். முதலில் வந்தது இக்ஸ்சிக் என்ற ஊசி. வால்னேவா கம்பெனி செய்தது, ஒரே டோஸ், உயிருள்ள சிக்குன்குனியா வைரஸைப் பலவீனமாக்கிச் செய்வது. இங்கே 2025 ஏப்ரல் 7இல் தொடங்கினார்கள், 65 வயதுக்கு மேல் சர்க்கரை, இதய நோய் மாதிரி ஏதாவது உள்ளவர்களுக்குத்தான் முதலில். மூன்று வாரம்கூட ஆகவில்லை, மூன்று பேருக்குக் கடுமையான பாதிப்பு, மூவருமே 80 தாண்டியவர்கள், ஒருவர் இறந்துபோனார். ஏப்ரல் 26இல் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நிறுத்திவிட்டார்கள். மே மாதம் ஐரோப்பிய மருந்து முகமையும் அதையே சொன்னது. ஜூலையில் எல்லாக் கணக்கையும் பார்த்துவிட்டு அந்தத் தடையை எடுத்தது, ஆனால் சும்மா எல்லோருக்கும் போடாதீர்கள், நோய் வரும் ஆபத்து உண்மையிலேயே அதிகமாக இருந்தால் மட்டும் யோசித்துப் போடுங்கள் என்றது. ஆகஸ்டில் அமெரிக்கா உரிமத்தையே நிறுத்திவைத்தது. ஒரே ஊசி, இரண்டு முடிவு. வயதான உடம்பில் பலவீனமான வைரஸும் சில நேரம் சிக்குன்குனியா மாதிரியே ஆட்டம் காட்டிவிடுகிறது, அதுதான் விஷயம்.

இன்னொன்று விம்குன்யா. இதில் உயிருள்ள வைரஸ் கிடையாது, வைரஸின் வெளிக்கூடு மாதிரி ஒரு துகளை மட்டும் செய்து ஊசியில் வைக்கிறார்கள், உள்ளே சரக்கு இல்லாத காலி டப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வயதிலிருந்து போடலாம் என்று 2025 பிப்ரவரியில் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. அம்மாவுக்கு ஊசி என்று பேச்சு வந்தால் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் மனைவிக்கு உயிருள்ள வைரஸ் ஊசி எதுவும் வேண்டவே வேண்டாம். க்யூடெங்கா என்ற டெங்கு ஊசியும் அந்த வகைதான் (மூன்று மாத இடைவெளியில் இரண்டு டோஸ்), யாராவது ஆசை காட்டினாலும் கர்ப்பகாலத்தில் கூடாது.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி. அம்மாவுக்கு 2006இல் காய்ச்சல் வந்ததா? அந்த வருடம் இந்தியாவில் 13 லட்சத்துக்கும் மேல் சிக்குன்குனியா என்று கணக்கு, தமிழ்நாட்டுப் பக்கம் ஊர் ஊராகக் குனிந்து நடந்தார்கள். ஒரு முறை வந்துவிட்டால் பல வருடம், பெரும்பாலும் ஆயுசுக்கும் திரும்ப வராது. டெங்கு மாதிரி நான்கு வகை எல்லாம் இதில் இல்லை. ஊரிலேயே ஒரு ரத்தப் பரிசோதனை, ஐஜிஜி (முன்பு நோய் வந்திருந்தால் ரத்தத்தில் தங்கியிருக்கும் எதிர்ப்புப் புரதம்) பார்க்கச் சொல்லுங்கள். பாசிட்டிவ் என்றால் இந்த ஊசிப் பேச்சே தேவையில்லை.

எனக்குப் பயம் உங்கள் அம்மாவைப் பற்றி இல்லை, மனைவியைப் பற்றித்தான். அதை இரவு டூட்டி முடிந்து வந்து எழுதுகிறேன்.

சொல்தா மாமா:
தம்பி, நான் புதுச்சேரிக்காரன், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று 1998 முதல் இந்தத் தீவில்தான் குடியிருக்கிறேன். 2005இல் முதல் முறை இது வந்தபோது யாரும் சட்டை செய்யவில்லை. இங்கே குளிர்காலம் ஜூன், ஜூலையில், அப்போது அடங்கின மாதிரி இருந்தது, டிசம்பரில் மழை பிடித்ததும் கட்டவிழ்ந்து ஓடியது, 2006 பிப்ரவரியில் ஒரே வாரத்தில் 40 ஆயிரம் பேருக்கு மேல் படுத்தார்கள். கொசு ஒழிக்க ராணுவத்தையே இறக்கினார்கள். மொத்தம் 2 லட்சத்து 66 ஆயிரம் பேர், தீவில் மூன்றில் ஒருவர். அப்படியென்றால் மற்ற இரண்டு பேருக்கு வரவில்லை, அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும் உன்னை மாதிரி பிறகு வந்து குடியேறினவர்களும் சேர்ந்துகொண்டார்கள், 19 வருடம் கழித்து அது திரும்பி வந்தபோது நல்ல விருந்து.

கொசு எது என்று முதலில் தெரிந்துகொள். இரவில் காதில் ரீங்காரம் போடுகிறதே, அது இல்லை. கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட புலிக்கொசு. பகலில் கடிக்கும், காலையிலும் சாயங்காலமும் அதிகம், சத்தமே போடாது, கணுக்காலில்தான் அதற்குப் பிரியம். அதிக தூரம் பறக்காது, நூறு இருநூறு மீட்டருக்குள் அதன் உலகம் முடிந்தது. ஆகவே உன்னைக் கடிக்கிற கொசு உன் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோதான் பிறந்தது.

முட்டையைத் தண்ணீரில் போடாது, தண்ணீர் விளிம்புக்கு ஒரு விரல்கடை மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவைக்கும், கரித்தூள் ஒட்டின மாதிரி இருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மழை வந்து தண்ணீர் ஏறினதும் பொரிக்கும். அதனால் வெறுமனே கவிழ்த்துக் கொட்டினால் போதாது, நாரைப் போட்டுத் தேய்க்க வேண்டும். இந்த வெயிலில் முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள்தான், எனவே வாரம் ஒரு முறை. நான் ஞாயிற்றுக்கிழமை காலை கறி வாங்கப் போவதற்கு முன்னால் செய்வேன், மறக்காது.

நம் ஆட்கள் வீட்டில் டயர் இருக்காது, வேறு இருக்கும். பூஜை முடிந்து கொல்லையில் எறிந்த கொட்டாங்கச்சி. ஒரு கொட்டாங்கச்சியில் அரை டம்ளர் தண்ணீர் போதும், ஐம்பது கொசு வெளியே வரும். கோயில் கொல்லையில் போன வருடம் நான்கு பேர் சேர்ந்து பொறுக்கினோம், மூன்று சாக்கு. அப்புறம் கூரையோர மழைநீர்க் குழாய், இலை அடைத்துக்கொண்டு தண்ணீர் நிற்கும், ஏணி போட்டால்தான் தெரியும். கல்லறையில் பூச்சாடிக்குத் தண்ணீருக்குப் பதில் ஈர மணல் போடச் சொல்கிறார்களே, அதே யோசனைதான் வீட்டுப் பூந்தொட்டித் தட்டுக்கும்.

மருந்து வண்டி வரும், இரவில் புகை மாதிரி அடித்துக்கொண்டே போகும், அது டெல்டாமெத்ரின் என்ற பூச்சிமருந்து. பறக்கிற கொசுவைக் கொல்லும், முட்டைக்கும் புழுவுக்கும் ஒன்றும் ஆகாது, இரண்டு மூன்று நாளில் அடுத்த செட் வந்துவிடும். தேனீ வளர்க்கிறவர்கள் பாவம், அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. வண்டி வந்தால் ஜன்னலை மூடு, துணியை உள்ளே எடு, வண்டி வரும் என்று மட்டும் காத்திருக்காதே.

மஞ்சள் பூ:
எங்கள் வீட்டில் எல்லோரும் சிட்ரோனெல்லா வளையல் போட்டுக்கொள்கிறோம், போனில் அல்ட்ராசவுண்ட் ஆப்பும் வைத்திருக்கிறோம், ஒன்றும் வரவில்லை. தினமும் நிலவேம்புக் கஷாயம் குடித்தால் ஊசியே வேண்டாம் என்று என் மாமியார் சொல்வார். அம்மாவிடம் பொடி ஒரு கிலோ கொண்டுவரச் சொல்லுங்கள்.

சொல்தா மாமா:
ஆப்பா! கொசுவிடம் போன் இருக்கிறதா அதைக் கேட்க?

ஊசிக்காரி:
மஞ்சள் பூ, கோபித்துக்கொள்ள வேண்டாம். வளையல் போட்டால் வளையல் இருக்கும் மணிக்கட்டில் கடிக்காது என்று வேண்டுமானால் சொல்லலாம், கணுக்கால் என்ன பாவம் செய்தது. அல்ட்ராசவுண்டுக்குக் கொசு ஓடாது, சோதித்துப் பார்த்துவிட்டார்கள். நிலவேம்பு காய்ச்சலுக்குக் குடிப்பது வேறு, கொசு கடித்தாலும் வைரஸ் ஏறாமல் தடுக்கும் என்று நம்பிக்கொண்டு இருப்பது வேறு. கர்ப்பிணிக்கு அந்தக் கஷாயம் வேண்டாம். சர்க்கரை மாத்திரை போடும் அம்மாவும் டாக்டரைக் கேட்காமல் தினமும் குடிக்க வேண்டாம், சர்க்கரை கீழே இறங்கிவிடும்.

சரி, மனைவி விஷயம். கர்ப்பத்தின் நடுவில் சிக்குன்குனியா வந்தால் குழந்தைக்குப் போவது அரிது. பிரசவ நேரம்தான் கத்தி மேல் நடப்பது. பிரசவத்தின்போது தாயின் ரத்தத்தில் வைரஸ் இருந்தால் ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்குத் தொற்றிவிடும், சிசேரியன் செய்தாலும் தடுக்க முடியாது. இதை உலகத்துக்கு முதலில் தெளிவாகக் காட்டியதே 2005-06இல் இந்தத் தீவின் டாக்டர்கள்தான். பிறக்கும்போது குழந்தை நன்றாகத்தான் இருக்கும், மூன்று நாளிலிருந்து ஏழு நாளுக்குள் காய்ச்சல், பால் குடிக்காது, தொட்டாலே வலியில் அழும், சில குழந்தைகளுக்கு மூளை வரை போய்விடும். அதனால் பிப்ரவரியில் அவளுக்குக் காய்ச்சல் லேசாக அடித்தாலும் வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் நேரே பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உங்கள் பிப்ரவரியும் இந்தத் தீவின் கொசு உச்சமும் ஒன்றாக வருகிறது, அதைத்தான் சொன்னேன்.

ஸ்ப்ரேயைக் கண்டு பயப்பட வேண்டாம், கொசுவைக் கண்டு பயப்படுங்கள். டப்பாவின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், டீட், இகாரிடின், ஐஆர்3535 இந்த மூன்றில் ஒன்று எழுதியிருக்க வேண்டும். கர்ப்பிணிக்கு எந்த அளவு என்று ஃபார்மசியிலோ உங்கள் சாஜ் ஃபாமிடமோ (பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி) கேட்டால் சரியான டப்பாவை எடுத்துக் கொடுப்பார்கள். சதவீதம் கூடினால் அதிக நேரம் தாங்கும், அவ்வளவுதான், அதிக வேகமாக விரட்டும் என்று அர்த்தமில்லை. துணிக்கு வெளியே தெரியும் தோலில் மட்டும், கணுக்காலையும் பாதத்தையும் விடாமல். சன்க்ரீம் பூசினால் அது முதலில், இருபது நிமிடம் கழித்து இது. வியர்த்தாலோ கடலில் குளித்தாலோ திரும்பப் பூச வேண்டும், ராத்திரி படுக்கும் முன் கழுவிவிடலாம். டீட் என்றால் கண்ணாடி ஃபிரேம், வாட்ச் பட்டை, போன் கவர் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக்கை இளக்கிவிடும், என் கைப்பை ஜிப் அப்படித்தான் போனது.

மற்றபடி வராந்தாவில் உட்கார்ந்தால் டேபிள் ஃபேனைத் தரையில் காலுக்கு நேராக வையுங்கள், புலிக்கொசு காற்றில் தடுமாறும். தளர்வான நீளப் பருத்தி உடுப்பு. பிறந்த குழந்தைக்கு ஸ்ப்ரே எதுவும் பூச வேண்டாம், வலைதான், பகலில் தூங்கும்போதும். உங்கள் அம்மா தூளிதான் கட்டுவேன் என்று நிற்பார், தூளியின் மேல் கயிற்றிலிருந்து வட்ட வலை ஒன்றைத் தொங்கவிட்டுத் தரையில் மடித்துவிட்டால் போதும், நான் என் அக்கா பிள்ளைக்குச் செய்தேன்.

இன்னொன்று, வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் முதல் வாரம் அவரைத்தான் வலைக்குள் வைக்க வேண்டும், ஸ்ப்ரேயும் அவருக்குத்தான் முதலில். அவரைக் கடிக்கிற கொசுதான் அடுத்தவருக்குக் கொண்டுபோகும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டாம்.

போர்ட் லூயி வாத்தியார்:
பக்கத்துத் தீவிலிருந்து ஒரு வார்த்தை. நான் மொரீஷியஸில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் பாட்டன் காலக் கதையில் கொசு என்றால் மலேரியாதான். 1860களுக்கு முன் இந்த இரண்டு தீவிலும் மலேரியா கிடையாது, கப்பல் போக்குவரத்தோடு வந்து சேர்ந்தது. 1867இல் போர்ட் லூயியில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள், வசதி உள்ளவர்கள் மேட்டில் இருக்கும் கியூர்பிப்புக்கு ஓடினார்கள், அந்த ஊர் பெருத்ததே அதனால்தான். செகந்தராபாத்தில் கொசு வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ் 1907 கடைசியில் இங்கே வந்து மூன்று மாதம் தங்கி, குட்டை குட்டையாகப் பார்த்து, எங்கே தண்ணீரை வடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு டிடிடி பூச்சிமருந்து. 1973இல் மலேரியா ஒழிந்தது என்று சான்று கொடுத்தார்கள், 1975இல் ஜெர்வேஸ் புயல் அடித்தது, மலேரியா திரும்பி வந்தது. கடைசி உள்ளூர் நோயாளி 1997 வாக்கில்தான். உங்கள் ரியூனியனுக்கு 1979இல் கிடைத்த சான்று அப்படியே நிற்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் வீட்டுக்கு இங்கே சுகாதார ஊழியர் வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பார், என் மைத்துனர் வந்தபோது எடுத்தார், அவருக்கு ஒரே அவமானம், என்னை நோயாளி என்கிறார்களா என்று குதித்தார். அம்மாவுக்கும் வந்த சில வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் காரைக்காலிலிருந்து வந்தவர் என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். கொசு இங்கே இருக்கிறது, கிருமி விமானத்தில் வந்தால் போதும்.

சூதுவாது:
ரியூனியனிலேயே சேந்த் மாரி ஊரில் துப்பார்க் பக்கம் ஆண் கொசுக்களை மலடாக்கிப் பெட்டி பெட்டியாக விட்டுப் பார்த்தார்களே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆண் கொசு கடிக்காது, அதோடு சேர்ந்த பெண் இடும் முட்டை பொரிக்காது. வீட்டில் எங்கள் அத்தை மட்டும் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு, கொசு போதவில்லை என்று அரசாங்கமே கொண்டுவந்து விடுகிறதா என்று கேட்டார்.

காரைக்கால் பையன்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று இரவு அம்மாவுக்குப் போன் போட்டேன். 2006 என்று சொன்னதும், "ஏன்டா, உனக்கு ஞாபகம் இல்லையா, அம்மியில் அரைக்க முடியாமல் மூன்று மாதம் பக்கத்து வீட்டுக்காரிதானே அரைத்துக் கொடுத்தாள்" என்கிறார். நான் அப்போது சென்னையில் ஹாஸ்டலில் இருந்தேன், என்னிடம் யாரும் சொல்லவே இல்லை. அக்கா நாளைக்கு லேபுக்கு அழைத்துப் போகிறாள். ஐஜிஜி பாசிட்டிவ் வந்தால் ஊசி வேண்டாம், இல்லையென்றால் விம்குன்யா பற்றி டாக்டரைக் கேட்கிறேன். நிலவேம்புப் பொடியை அம்மா ஏற்கெனவே மூட்டை கட்டிவிட்டார், அதை அவரிடம் யார் சொல்வது என்று பார்க்கிறோம்.

மனைவிக்கு இகாரிடின் டப்பா வாங்கியாயிற்று, ஃபார்மசிக்காரப் பெண் எப்படிப் பூசுவது என்று கையிலேயே காட்டிக் கொடுத்தாள்.

அப்புறம் இன்று ஞாயிறு என்பதால் மாமா சொன்ன மாதிரி நார் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். கூரைக் குழாய் சுத்தமாக இருந்தது, கொட்டாங்கச்சி இரண்டுதான், அதுவும் காய்ந்தது. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கடைசியாகத் துளசித் தொட்டி. மனைவி தினமும் காலையில் குளித்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவாள், அடியில் பீங்கான் தட்டு. தொட்டியைச் சாய்த்துப் பார்த்தால் தட்டில் சுண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர், அதில் கமா போட்ட மாதிரி நெளிந்துகொண்டு முப்பது நாற்பது புழு, நிழல் பட்டதும் மொத்தமாக அடிக்குப் போகிறது. அவள் தினமும் நின்று கும்பிடுகிற இடம், வெறுங்காலோடு.

தட்டைத் தேய்த்துக் கழுவி மணல் போட்டாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அவர் டயர் இரண்டையும் காலையிலேயே எடுத்துவிட்டிருக்கிறார். போன வாரம் அவரிடம் கத்தியது எனக்கு ஞாபகம் இருந்தது, அவருக்கும் இருந்திருக்கும். தட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு போன்ழூர் சொன்னேன்.